டட்சனுக்கு நான் தைத்த ரவிக்கை

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதன் உள்பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டில் எல்லாரும் புடவையைப் பார்ப்பார்கள், நகையைப் பார்ப்பார்கள். நான் ரவிக்கையின் தோள் தையலைப் பார்ப்பேன். சோபாவில் உட்காரச் சொன்னால் உட்காருவதற்கு முன் குனிந்து அடியில் என்ன துணி அடித்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். (கல்யாணமாகி முதல் முறை மாமியார் வீட்டுக்குப் போனபோதும் குனிந்தேன். தோடு தொலைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அத்தையும் கூடவே குனிந்து வெகுநேரம் தேடினார். நானும் மரியாதைக்குத் தேடினேன்.)

மலேசியாவில், கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கியவர்கள், அளவெடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொள்பவர்கள், போன வருஷத்து அளவே போதும் என்று சாதிப்பவர்கள் என எல்லாருக்கும் தைத்துக் கொடுத்திருக்கிறேன். எந்த உடம்பாக இருந்தாலும் என் கத்தரிக்கோலுக்கு அடங்கும் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. அந்தத் திமிரை இறக்கியது மனுஷ உடம்பு இல்லை, ஒரு கார்.

கார் என் மாமனாருடையது. மாமா கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தோட்டத்துக்கு லோரி, குடும்பத்துக்கு டட்சன் என்று வாழ்ந்தவர். என் கணவர் சரவணன் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அந்த டட்சனில்தான். அவருடைய தங்கை ஷாமினி பள்ளிக்கூடத்துக்குப் போனதும் அதில்தான். வெளியில் பார்த்தால் நேற்றுக் கடையிலிருந்து வந்த மாதிரி மினுக்கும். உள்ளே டேஷ்போர்டு மட்டும் பல வருஷத்து வெயிலைத் தின்று, அறுப்பு முடிந்த வயல் போல வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள்ளிருந்து மஞ்சள் பஞ்சு உதிரும். முன்சீட்டில் உட்கார்ந்து இறங்கினால் மடியில் ரவை கொட்டியிருக்கும். நடுவில் ஒரு சின்னப் பிள்ளையார் பசையால் ஒட்டப்பட்டு, எதையும் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருப்பார்.

ஷாமினிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான். பெண்ணை வீட்டிலிருந்து கோயிலுக்குத் தன் காரில், தானே ஓட்டி அழைத்துப் போக வேண்டும். ஷாமினி சாப்பாட்டு மேசையிலேயே மறுத்துவிட்டாள்.

"அந்தக் காடில நான் ஏறமாட்டேன்லாப்பா. மாப்ள வீட்டுல வெள்ளக் காடி அனுப்புறாங்க, எக்கோன் இருக்கு, ஜில்லுனு இருக்கும். நம்ம காடில ஏறுனா பஞ்சு எல்லாம் சேலையிலதான் கொட்டும். வீடியோக்காரன் வேற முன்னாலேந்து எடுப்பான்."

மாமா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டு வெளியே போய், ஏற்கெனவே சுத்தமாக இருந்த காரைத் துடைக்க ஆரம்பித்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"டேஷ்போர்டு அழகா இருந்தா ஏறுவியா ஷாமினி?"

"ஏறுவேன் அண்ணி. அது ஒண்ணுதான் பிரச்சின."

"அப்ப நான் தைச்சுத் தர்றேன். ஒரிஜினல் லெதர்ல."

யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். சரவணன் என்னைப் பார்த்த பார்வையில் 'ஏன்டி' என்ற ஒற்றைச் சொல் இருந்தது. மாமாவின் மேல் பாசம் என்பது உண்மை. அந்த டேஷ்போர்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க நான் பல காலமாகத் துடித்துக்கொண்டிருந்தேன் என்பது அதைவிடப் பெரிய உண்மை. மாமா அந்தக் காரை யாரையும் தொட விடமாட்டார். அன்று மட்டும் துடைக்கும் துணியோடு உள்ளே வந்து, "உன்னால முடியுமாம்மா?" என்று கேட்டார். முடியாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முடியும் என்றேன்.

முதலில் பிள்ளையாரை எடுக்க வேண்டும். மாமா அவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ விளக்கிச் சொன்னார். பிறகு நான் கொடுத்த முறுக்கு நூலைப் பசைக்குள் விட்டு இப்படியும் அப்படியும் இழுத்து அறுத்து, அவரைச் சாமி அறைக்குக் கொண்டுபோய் வைத்தார். "கொஞ்ச நாளைக்கு லீவுப்பா" என்று சொன்னது எனக்கும் கேட்டது.

சரவணன் குருணில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கிறவர். திருகாணிகளைக் கழற்றி, ஒயர்களுக்கு அடையாளம் கட்டி, டேஷ்போர்டை ஒரு பிணத்தைத் தூக்குவது போல அலுங்காமல் தூக்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். (அத்தை அதற்குப் பிறகு அந்த மேசையில் சோறு வைக்க மறுத்துவிட்டார். கல்யாணம் முடியும் வரை மடியில் தட்டோடு சாப்பிட்டோம்.) நான் உள்ளே தலையை விட்டேன். ரப்பர் மரத்துக் கித்தாக் கொட்டை, விபூதிப் பொட்டலம், ஷாமினியின் ஒற்றைக் கொலுசு, காய்ந்துபோன மல்லிகை நார். எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. வெடித்த மேல்தோலை உரித்தேன். பஞ்சைச் சுரண்டினேன். கொஞ்சம் சுரண்டியதும் கீழே இரும்புத் தகடு தெரிந்தது. இன்னும் எங்கெல்லாம் தகடு இருக்கிறது என்று பார்க்க ஆசை வந்து முழுசாகச் சுரண்டிவிட்டேன். மிஞ்சியது நீளமான, வெறும் தொட்டி மாதிரி ஒரு கூடு.

அளவெடுப்பது சுகமாக இருந்தது. சமையலறை பிளாஸ்டிக்கைச் சுற்றி, மேலே டேப் ஒட்டி, பேனாவால் தையல் கோடு வரைந்தேன். மீட்டர் இருக்கும் வட்டங்கள் கைக்குழி. ரேடியோ இருக்கும் இடம் கழுத்து. ஓரத்தில் வளையும் இடத்தில் ஒரு பிடிப்பு. என்னிடம் வருகிறவர்கள் யாரும் இவ்வளவு அசையாமல் நின்றதில்லை, இடுப்பளவைக் குறைத்துச் சொல்லச் சொன்னதும் இல்லை. எனக்குத் தெரிந்த சோபாக் கடையில் கறுப்பு லெதர் வாங்கி வந்து மேசையில் விரித்தேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "கார் ஒண்ணுக்கு லெதர்ல பண்றேன்" என்று சொல்லியும் வைத்தேன்.

மாமா வந்தார். தோலைத் தடவினார். மோந்து பார்த்தார்.

"என்ன தோலும்மா இது?"

"லெதர் மாமா. ஒரிஜினல்."

"ஒரிஜினல் சரி. எதோட தோலு?"

எல்லாவற்றின் உள்பக்கத்தையும் ஆராயும் எனக்கு இந்தக் கேள்வி மட்டும் தோன்றவே இல்லை. சோபாக் கடை முதலாளியான தவுக்கேவுக்குப் போன் போட்டேன். அவர் என் கேள்வியையே சந்தேகமாகக் கேட்டுவிட்டு, "லெம்பு லா" என்றார். மாடுதான், வேறென்ன என்கிற தொனி.

மாமா கையைத் தோலிலிருந்து எடுத்தார்.

"மாட்டு மேல உட்கார்றது பிள்ளையாரோட அப்பாதாம்மா. இவருக்கு எலிதான்."

"அப்ப எலித் தோலுதான்பா வாங்கணும்" என்றார் சரவணன், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"நீங்க போட்டிருக்கிற பெல்ட்டும் மாட்டுத் தோலுதானே மாமா?" என்று நான் கேட்டேன். எனக்கு அது நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"பெல்ட்டு மேல பிள்ளையாரா உட்கார்றாரு?"

வாதம் அங்கே முடிந்தது. சரவணன் செயற்கைத் தோலில் தைத்துவிடு என்றார். புத்தியுள்ளவள் கேட்டிருப்பாள். நான் ஊரெல்லாம் ஒரிஜினல் என்று சொல்லி வைத்துவிட்டேனே. அப்போதுதான் மாமா, என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டோ என்னவோ, "ஆட்டுத் தோலுன்னா பரவால்லம்மா. கோயில் மேளத்துலயே அதானே இருக்கு" என்றார்.

கோயில் மேளம். என் மண்டைக்குள் விளக்கெரிந்தது. அந்த விளக்கை யாராவது ஊதி அணைத்திருக்கலாம்.

குருண் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் ரவி அண்ணன் இருக்கிறார். தைப்பூசத்துக்கு உறுமி அடிக்கும் குழுவின் தலைவர். மேளத்துக்குத் தோல் கட்டுவதும் அவர்தான். போய்க் கேட்டேன்.

"எத்தன மேளத்துக்கு தங்கச்சி?"

"ஒண்ணுக்குத்தான்ணே. கொஞ்சம் நீளமானது."

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். ஆனால் மேற்கொண்டு கேட்கவில்லை. மேளக்காரரிடம் மேளத் தோல் கேட்டால் மேளத்துக்குத்தான் என்று அவர் நினைத்தது நியாயம்தான். நானும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்ற பயம். அப்பளம் போல விறைத்திருந்த தோல்களை எடுத்துக் கொடுத்து, "தண்ணில ஊறப்போட்டு இழுத்துக் கட்டு. வெயில்ல வச்சா கிண்ணுனு நிக்கும்" என்றார். கிண்ணென்று நிற்பதுதானே எனக்கும் வேண்டும். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பதப்படுத்திய தோலுக்கும் பச்சைத் தோலுக்கும் வித்தியாசம் உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. துணிக்கு நூல் எண் கேட்கத் தெரிந்தவளுக்குத் தோல் என்றால் தோல்தான்.

ஊறிய ஆட்டுத் தோலைப் போல இணக்கமான துணியை நான் அதுவரை தொட்டதில்லை. இழுத்த பக்கமெல்லாம் வந்தது. இரண்டு தோல்களை நடுவில் சேர்த்துத் தைத்து, கூட்டின் மேல் போர்த்தி, நானும் சரவணனும் ஆளுக்கொரு பக்கம் காலை ஊன்றி இழுத்து அடியில் திருகாணி முடுக்கினோம். "உள்ள பஞ்சு வைக்க வேணாமா?" என்று சரவணன் கேட்டார். "பஞ்சு வச்சா அளவு மாறிடும்" என்றேன், தொழில் தெரிந்தவளின் சலிப்போடு. காய்ந்ததும் ஒரு சுருக்கம் இல்லை. சப்பாத்துக்குப் போடும் கறுப்புச் சாயத்தைப் பூசினேன். அடியில் காலியான தொட்டி, மேலே இழுத்துக் கட்டிய ஆட்டுத் தோல். இப்படி ஒரு பொருளுக்கு உலகத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது என்பது வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கல்யாணத்துக்கு முன்பே டேஷ்போர்டு காரில் ஏறிவிட்டது. அந்த நாட்களில் மழை தூறிக்கொண்டே இருந்தது. ஈரக் காற்றில் தோல் சாதுவாக இருந்தது. ஷாமினி பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். "அண்ணி, புதுக் காடி மாதிரி இருக்கு. நான் அப்பாகூடயே போறேன்." மாமா பிள்ளையாரை இருபக்க டேப்பில் ஒட்டி உட்கார வைத்துவிட்டு, தோலை ஒரு கன்றுக்குட்டியைத் தடவுவது போலத் தடவினார். நான் என் திறமையை எண்ணிப் பூரித்துப் போய் நின்றேன்.

கல்யாணத்தன்று வானம் கழுவி விட்ட மாதிரி வெளுத்திருந்தது. கெடா வெயில். படம் எடுப்பதற்காக மாலை கட்டிய டட்சனை வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். பெண்ணுக்குத் தலை அலங்காரம் முடிய முடிய, வெயில் முன்கண்ணாடி வழியாக என் கைவேலையைப் பதமாக வறுத்துக்கொண்டிருந்தது.

மாமா ஓட்ட, அத்தை முன்னால், ஷாமினியும் நானும் பின்னால். சரவணன் முன்கூட்டியே கோயிலுக்குப் போயிருந்தார். எங்களுக்குப் பின்னாலேயே மாப்பிள்ளை வீட்டு வெள்ளைக் கார், அதில் மாப்பிள்ளையின் பெரியப்பா. கதவைச் சாத்தியதுமே ஒரு வாசனை வந்தது. மல்லிகைக்கும் சந்தனத்துக்கும் நடுவில் புகுந்து உட்கார்ந்துகொண்ட வாசனை. நான் ஜன்னலை இறக்கினேன்.

முதல் குழியில் 'தொம்' என்றது.

"டயரா?" என்றார் மாமா.

அடுத்த குழியில் 'தொம் தொம்'. பிள்ளையார் எழும்பி உட்கார்ந்தார். செம்பனை லோரிகள் ஓடி ஓடித் தின்ற ரோடு அது. கார் ஒரு தாளக்கட்டுக்கு வந்துவிட்டது. அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "காடிக்குள்ள யாரோ அடிக்கிறாங்கங்க" என்றார். அப்போது தோல் இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருக்க வேண்டும். மீட்டர் கண்ணாடி தன் இடத்திலிருந்து கழன்று மாமாவின் மடியில் விழுந்தது. டேப் விட்டுப்போன பிள்ளையாரை அத்தை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

மாமா ஓரமாக நிறுத்தினார். இறங்கி டயரைப் பார்த்தார். முன்மூடியைத் திறந்து பார்த்தார். திரும்ப வந்து உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல், டேஷ்போர்டை ஒரு விரலால் தட்டினார். தொம். இன்னொரு விரலால் தட்டினார். தொம். எங்கள் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. மாமா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பெரியப்பா வந்து குனிந்து எட்டிப் பார்த்தார். "நேரம் ஆவுது சம்பந்தி. பொண்ண நம்ம காடில ஏத்திடுங்க, எதுக்கு சிரமம்."

மாமா இறங்கிப் பின்கதவைத் திறந்தார். "எறங்கும்மா" என்றார். கதவைப் பிடித்திருந்த கையை மட்டும் நான் பார்த்தேன். முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. என்னால்தான் அவர் அந்தக் கதவைத் திறக்க வேண்டி வந்தது என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஷாமினி இறங்கவில்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, இந்த வாட ஆடுதானே?"

"ஆடுதான்."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றே நினைத்தேன். மை கலையாமல் இருக்க முகத்தை மேலே தூக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்துக்கு ஆடே கெளம்பி வந்திருக்கு. நான் எதுக்குப்பா எறங்கணும்? ஏறி ஓட்டுங்க."

மாமா கதவைச் சாத்தினார். அவர் சாத்திய வேகத்தில் டேஷ்போர்டு தானாக ஒரு முறை தொம் என்றது. பிறகு எனக்கு உத்தரவு வந்தது.

"நீ முன்னால வாம்மா. ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடி."

அத்தை பிள்ளையாரோடு பின்னால் போனார். நான் முன்சீட்டில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் தோலின் மேல் அழுத்தினேன். அழுத்தினால் சத்தம் அடங்கியது. கொஞ்சம் தளர்த்தினால் போதும், ஆரம்பித்துவிடும். தோல் அடுப்புக்கல் மாதிரி சுட்டது. கோயில் வரைக்கும் கையை எடுக்கவில்லை. வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது, அதைத் துடைக்கவும் வழியில்லை. ஷாமினி சொன்னபடியே வீடியோக்காரன் முன்னாலிருந்துதான் எடுத்தான்.

கோயில் வாசலில் மேளத்தோடு நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? ரவி அண்ணன்தான். மாமா பேசி வைத்திருந்த குழுவே அவருடையதாம். ஜன்னலில் குனிந்து, என் கையைப் பார்த்து, தோலைப் பார்த்து, கையை நீட்டி நாலு தட்டுத் தட்டினார்.

"நான் குடுத்த தோலா தங்கச்சி?"

தலையாட்டினேன்.

"நல்லா கட்டியிருக்க" என்றார். உண்மையான பாராட்டு. மாமா ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கிப் போய்ப் பெண்ணுக்குக் கதவைத் திறந்தார்.

கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் ஒரு பக்கம் முழுசும் இருக்கிறது. பின்னால் தேவதை மாதிரி ஷாமினி, முன்னால் இரண்டு கையையும் விரித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, காரையே ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி நான். பார்க்கிறவர்கள் இது யார், சாமி வந்திருக்கிறதா என்று கேட்கிறார்கள். கடைக்கு வருகிறவர்கள், "அக்கா, லைனிங் துணியிலயே போடுங்க, ஆடு வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் அளவு கொடுக்கிறார்கள். வீட்டில் யாராவது பெருமையடித்தால், "அமுக்கிப் பிடி" என்கிறார்கள்.

நான் அதைப் பிரித்து மறுபடி தைத்துத் தருவதாகப் பல முறை சொல்லிவிட்டேன். இந்தத் தடவை பஞ்சு வைத்து. மாமா சம்மதிக்கவில்லை. "இருக்கட்டும்மா, வாட போயிருச்சே" என்பார். அதைவிட விசித்திரம், அதற்குப் பிறகு சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் டட்சன்தான் வேண்டும் என்கிறார்கள். மாமா ஓட்ட வேண்டும், நான் முன்னால் உட்கார்ந்து அமுக்க வேண்டும். எத்தனையோ பெண்களின் ஆல்பங்களில் பல்லைக் கடித்தபடி இருக்கிறேன்.

போன மாதம் அத்தையின் தம்பி மகளுக்குக் கல்யாணம். மாமாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது, டாக்டர் ஓட்ட வேண்டாம் என்கிறார். இதுதான் கடைசி என்று காலையிலேயே சொல்லிவிட்டார். நானும் வழக்கம்போல உள்ளங்கையை விரித்து அழுத்திக்கொண்டு வந்தேன். கோயில் ரோட்டில் திரும்பியதும் மாமா, "கைய எடும்மா" என்றார்.

"சத்தம் கேக்கும் மாமா."

"கேக்கட்டும்."

எடுத்தேன். அந்த ரோட்டில் அவர் எப்போதும் ஒதுக்கி ஓட்டும் பெரிய குழி ஒன்று உண்டு. மாமா அன்று அதை ஒதுக்கவில்லை.